ஊதினால் வரும் எண் எதைச் சொல்கிறது?

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டினால் குற்றம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் சிறை 2 ஆண்டு வரை நீளலாம். அபராதம் 15,000 ரூபாய். 2019-ல் சட்டம் திருத்தப்படும் வரை முதல் முறை அபராதம் அதிகபட்சம் 2,000 ரூபாய்தான். இந்தக் கடுமையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். குடித்துவிட்டு ஓட்டுபவரால் சாகிறவர்களில் குடிக்கவே குடிக்காதவர்களும் உண்டு. ஆனால் தண்டனை ஏற ஏற, அதற்கு அடிப்படையான சோதனையும் அதே கறாரோடு நடந்தாக வேண்டும். ஒருவரை வண்டியிலிருந்து இறக்குவதற்குக் கருவி காட்டும் எண் போதும். அவரைத் தண்டிக்க, அந்த எண் எப்படி வந்தது, எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

காவலர் நீட்டும் பிரீத் அனலைசர் ரத்தத்தை அளப்பதில்லை. நுரையீரலின் அடியிலிருந்து வரும் மூச்சை அளக்கிறது. தரமான கருவிக்குள் பிளாட்டினம் பூசிய சிறு மின்கலம் ஒன்று இருக்கும். மூச்சில் உள்ள ஆல்கஹால் அதன் மேல் பட்டு அசிட்டிக் அமிலமாக மாறும்போது மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் எவ்வளவோ அதைக் கொண்டு மூச்சில் இருந்த ஆல்கஹால் கணக்கிடப்படுகிறது. பிறகு அது ரத்த அளவாக மாற்றப்படுகிறது: 2,100 மில்லி லிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால் 1 மில்லி லிட்டர் ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்பது கணக்கு. இந்த 2,100 ஒரு சராசரி. ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்குக்கூட குடித்த சற்று நேரத்தில் ஒரு விதமாகவும் சில மணி நேரம் கழித்து வேறு விதமாகவும் இருக்கும். கருவி 200 காட்டினால் இந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. 33 காட்டும்போதோ, வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்தவர் கையோடு ஊதினால், சொட்டு மது தொடாதவருக்கும் அளவு எகிறும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். நள்ளிரவுச் சோதனையில் வரிசையாக வண்டிகள் நிற்கும்போது அந்த 15 நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் எழுதப்படவில்லை. 185-வது பிரிவின் கீழ் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. கருவி ஆல்கஹால் இருப்பதாகக் காட்டினாலோ, ஊத மறுத்தாலோ, பதிவு பெற்ற மருத்துவர் மூலம் ரத்த மாதிரி எடுக்க 204-வது பிரிவு வழி செய்கிறது. கால வரம்புக்குக் காரணம் உண்டு. உடல் மணிக்குச் சராசரியாக 100 மில்லி லிட்டருக்கு 15 மில்லி கிராம் வீதம் ஆல்கஹாலை எரித்துத் தீர்க்கிறது. தாமதித்தால் குற்றவாளி தப்புவார். ரத்தம் எடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. ஊசி குத்துமிடத்தை வழக்கம்போல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் வழக்கே சந்தேகத்துக்கு இடமாகும். ஆல்கஹால் இல்லாத மருந்தால் துடைக்க வேண்டும். சோடியம் புளோரைடு சேர்க்காத குழாயில் ரத்தம் வெளியே கிடந்தால் நுண்ணுயிர்கள் உள்ளேயே ஆல்கஹாலை உண்டாக்கிவிடக்கூடும்.

இப்படி நுணுக்கம் பேசிப் பேசியே குடிகாரர்களைத் தப்பவிடுகிறோம் என்று சிலர் கோபப்படலாம். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் தப்பவிடுவது நுணுக்கம் அல்ல, அது இல்லாமைதான். 1971-ல் மகாராஷ்டிர விபத்து வழக்கு ஒன்றில், ஓட்டியவரிடம் மது வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு, விரிந்த கண்மணி எல்லாம் இருந்ததாக மருத்துவர் சொன்னார். ஆனால் ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லை. இவற்றை மட்டும் வைத்து அவர் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட இயலாது என்றது உச்ச நீதிமன்றம். சோதனையைத் தட்டிக்கழிப்பவரையும் சட்டம் விட்டுவைக்கவில்லை: தகுந்த காரணமின்றி மறுத்தால் அந்த மறுப்பையே அரசுத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாகக் கொள்ளலாம் என்கிறது 205-வது பிரிவு. கைரேகை போன்ற உடல் சார்ந்த சான்றுகளைக் கொடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்று 1961-லேயே 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. காப்பீட்டு வழக்குகளில் இன்னும் குறைந்த சான்றே போதும். டெல்லியில் நடந்த ஒரு கார் விபத்தில், மூச்சு, ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளை வைத்துக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறைக்கு அனுப்பவும் பணத்தை மறுக்கவும் ஒரே அளவுகோல் இருக்க முடியாது என்பது சரிதான்.

போதைப்பொருள் சோதனையில் சிக்கல் இன்னும் ஆழமானது. 185-வது பிரிவில் மதுவுக்கு 30 என்ற எல்லை இருக்கிறது. போதைப்பொருளுக்கு எண்ணே இல்லை, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு அதன் பிடியில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. சிறுநீர்ச் சோதனை அதற்கு விடை சொல்லாது. கஞ்சாவை உடல் சிதைத்த பிறகு மிஞ்சும் கழிவைத்தான் அது பிடிக்கிறது. ஒரு முறை பயன்படுத்தியவரிடம் அது சில நாள் தங்கும். நீண்ட காலம் தினமும் பயன்படுத்தியவரிடம் ஒரு மாதம் கழித்தும் தெரியலாம், அன்று அவர் முழுத் தெளிவோடு இருந்தாலும்கூட. பட்டையை நனைத்துப் பார்க்கும் முதல்கட்டச் சோதனை, ஒத்த வடிவ மூலக்கூறுகளைக் கண்டு ஏமாறக்கூடியது. சில சளி மருந்துகளே ஆம்பெட்டமைன் என்று காட்டிவிடும். குருமாவுக்கு அரைக்கும் கசகசாவால் சிறுநீரில் மார்ஃபின் தென்படும். இதனாலேயே அமெரிக்கா 1998-ல் தன் பணியிடச் சோதனைக்கான எல்லையை மில்லி லிட்டருக்கு 300 நானோ கிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தியது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்கத் தயங்குவதும் வீண் பயமல்ல.

போதைப்பொருளில் துளிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது, உடலில் இருந்தாலே தண்டிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். உட்கொண்டதற்குத் தண்டனை வேண்டுமென்றால் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவு தனியாக இருக்கிறது; அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்கு விலக்கும் அளிக்கிறது. போன வாரத்துக் கஞ்சாவை இன்றைய ஓட்டுதலுக்கான குற்றமாக்குவது வேறு விஷயம். விமானத் துறை இதில் நல்ல வழி காட்டுகிறது. 2022 ஜனவரி 31 முதல் நடப்புக்கு வந்த, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிப்படி, முதல்கட்டச் சோதனையில் சந்தேகம் எழுந்தாலே விமானி பணியிலிருந்து விலக்கப்படுகிறார்; நடவடிக்கையோ ஆய்வகம் உறுதி செய்த பிறகுதான். பயணிகளின் பாதுகாப்புக்குக் குறையில்லை, விமானிக்கு அநீதியும் இல்லை. சாலையிலும் தொழிற்சாலையிலும் இதையே கடைப்பிடிப்பதில் என்ன தடை இருக்கிறது? பட்டை நிறம் மாறியதும் வேலைநீக்கக் கடிதம் நீட்டும் நிர்வாகம், ஆய்வக உறுதிச் சோதனைக்கு ஆகும் சில நாட்களுக்கு அந்தத் தொழிலாளியை வேறு பணிக்கு மாற்றினால் போதும்.

முத்திரை இல்லாத தராசில் காய்கறி வாங்க மறுக்கும் நாம், சிறைக்கு அனுப்பக்கூடிய கருவியின் கடைசிச் சரிபார்ப்பு எப்போது என்று கேட்கத் தயங்கக் கூடாது. நிறுத்தினால் ஊத மறுக்காதீர்கள். மறுப்பு உங்களுக்கு எதிராகவே திரும்பும். புதிய ஊதுகுழல் கேளுங்கள், ஊதும் முன் கருவி பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள், முடிவின் அச்சுச் சீட்டை வாங்குங்கள். எண்ணில் சந்தேகம் இருந்தால் 15 நிமிடம் கழித்து மறுசோதனையும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்று அங்கேயே சொல்லி, சொன்னதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடித்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள்.