எண்களாகிப் போன கூத்து: வீட்டுப் பதிவுகளை வேறு கணினிக்கு மாற்றுவது குறித்து

பத்து வருஷமாக எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் ஓடிக்கொண்டிருந்த கணினி போன ஐப்பசி மழையில் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்த மெக்கானிக் தம்பி, மதர்போர்டில் கன்டென்சர்கள் உப்பியிருப்பதைக் காட்டி, 'இன்னும் ஒரு மாசம் ஓடினா பெரிசு சார்' என்றார். கணினி போவது பற்றி எனக்கு வருத்தமில்லை. அதனுள் ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள் இருந்தன. பொதிகைத் தொலைக்காட்சியில் நேரங்கெட்ட நேரத்தில் ஒளிபரப்பான தெருக்கூத்து, தோற்பாவைக் கூத்து, எழுத்தாளர் நேர்காணல்கள். 'அந்தக் கர்ண மோட்சம் உங்கிட்ட இருக்குல்ல?' என்று கேட்கிற தோழர்களுக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்தது அதிலிருந்துதான். இவற்றை வேறொரு கணினிக்கு மாற்றப் போய் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சிறுபத்திரிகையில் கம்ப்யூட்டர் சமாச்சாரமா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். விஷயம் பெயரைப் பற்றியது.

நான் பயன்படுத்தியது மித்டிவி. 2002இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கி, பலர் கைபட்டு வளர்ந்த கட்டற்ற மென்பொருள். கணினியில் ஒரு ட்யூனர் அட்டையைச் செருகி டிஷ் ஆண்டெனா வயரை மாட்டிவிட்டால், சொன்ன நேரத்துக்குச் சொன்ன அலைவரிசையைப் பதிவு செய்து வைக்கும். இதில் இரண்டு பாகம். பின்னால் இருந்து பதிவு செய்து சேமிப்பது ஒன்று. நாம் பட்டியலைப் பார்த்து, தேர்ந்தெடுத்து, ஓடவிட்டுப் பார்க்கிற முகப்பு இன்னொன்று. முகப்பில் பட்டியல் அழகாகத்தான் தெரியும்: தலைப்பு, தேதி, கீழே சின்னதாக ஒரு குறிப்பு. அதைப் பார்த்துப் பார்த்து, பதிவு என்பதே இந்தத் தலைப்புகளோடு கூடிய ஒன்று என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

'டிஸ்க்கைக் கழட்டிப் புதுசுல மாட்டினா முடிஞ்சுது' என்றார் தம்பி. மாட்டினோம். ஒரு தலைப்பையும் காணோம். ஆயிரத்துச் சொச்சம் எண்கள். ஒன்றை வாசித்துக் காட்டுகிறேன்: 1003_20170114143000. முதல் நான்கு இலக்கம் அலைவரிசைக்கு மித்டிவி கொடுத்த எண். பிறகு 2017ஆம் வருஷம், ஜனவரி 14. அதன்பின் மணி, நிமிஷம், விநாடி. பொங்கலன்று மதியம் இரண்டரைக்கு நான் எதையும் பதியவில்லையே என்று விழித்தேன். பிற்பாடுதான் புரிந்தது, அந்த மணி நம்முடையதல்ல. 2012இல் வந்த 0.26 பதிப்பிலிருந்து மித்டிவி எல்லா நேரத்தையும் சர்வதேச நேரத்தில் குறித்துக்கொள்கிறது. ஐந்தரை மணி கூட்டிக்கொண்டால் இரவு எட்டு. எட்டு மணிக்கு ஓடியது கூத்துதான்.

தலைப்புகள் எங்கே? அவை பதிவுக் கோப்புக்குள் இல்லவே இல்லை. மித்கான்வெர்ஜ் என்ற தனித் தரவுத்தளத்தில், கணினியின் வேறொரு வட்டில், இருந்தன. எந்த எண்ணுக்கு எந்தத் தலைப்பு, எந்த இடத்தில் விளம்பரத்தை வெட்டினோம் என்பதெல்லாம் அங்கேதான். பதிவுகள் ஒரு டெராபைட்டுக்கு மேல். தரவுத்தளத்தைச் சுருக்கி எடுத்த நகல் நாற்பது எம்பிகூட இல்லை. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவில்லை என்று சசூரை வைத்து எத்தனை கூட்டம் போட்டிருப்போம்! அது என் வீட்டு மூலையில் இரண்டு வட்டாகப் பிரிந்து பத்து வருஷம் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்த நாற்பது எம்பிக்குள் வேறொன்றும் இருந்தது. தொலைக்காட்சி கொடுத்த தலைப்பு பெரும்பாலும் 'சிறப்பு நிகழ்ச்சி'. நான் நேரம் குறித்துப் பதிய வைத்தவற்றுக்கு அலைவரிசைப் பெயரும் மணியும்தான் தலைப்பு. அறிவிப்பாளர் வாத்தியார் பெயரைச் சொல்வார், ஊரைச் சொல்வார். முகவீணை வாசித்தவர் யார், மிருதங்கம் யார், பெண் வேஷம் கட்டியவர் யார் என்று சொல்ல மாட்டார். செய்யாறு, வந்தவாசிப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தப் பதிவுகளைப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, 'இது நம்ம இன்னார் மவன்தான்' என்று அவர்கள் அடையாளம் சொன்னதை முகப்பின் குறிப்புப் பகுதியில் தட்டி வைத்தேன். வேறு எங்கும் எழுதி வைக்கவில்லை. சொன்னவர்களில் சிலர் இன்று இல்லை. வட்டை மட்டும் காப்பாற்றியிருந்தால் கூத்து இருந்திருக்கும், கூத்தாடியவர்கள் மறுபடியும் பெயரில்லாதவர்களாகியிருப்பார்கள்.

எனவே செய்யவேண்டிய முதல் வேலை, பழைய கணினிக்கு உயிர் இருக்கும்போதே பதிவு செய்கிற பாகத்தை நிறுத்திவிட்டுத் தரவுத்தளத்தை நகலெடுப்பது. அதற்கென்று ஒரு சிறு நிரல் மித்டிவியோடேயே வருகிறது, மீட்பதற்கு அதன் ஜோடியும் வருகிறது. புதுக் கணினியில் நிறுவும்போதே அது வெற்று அட்டவணைகளை உண்டாக்கி வைத்திருந்தால், அவற்றை நீக்கிவிட்டே மீட்க வேண்டும். பழைய பதிப்பின் தரவுத்தளத்தைப் புதிய பதிப்பு படித்துக்கொள்ளும். புதியதைப் பழையது படிக்காது. ரொம்பப் பழைய நகல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2009இல் 0.22 பதிப்பு வந்தபோது, தரவுத்தளத்தின் எழுத்து முறை பொருந்தாத சில கணினிகளில் ஆங்கிலமல்லாத எழுத்துகள் சிதைந்தன. பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த நம் பத்திரிகைக் கோப்புகளை இன்று திறந்தால் என்ன தெரிகிறதோ, அதே கதி.

மீட்டபின் தலைப்புகள் எல்லாம் வந்துவிட்டன. பெருமூச்சு விட்டு ஒன்றை அமுக்கினால், கோப்பைக் காணோம் என்கிறது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவோடும் அதைச் சேமித்த கணினியின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. பழைய கணினிக்கு நண்பர் வைத்த பெயர் கட்டியங்காரன். புதியதற்குக் கடைக்காரர் ஏதோ பெயர் வைத்திருந்தார். பதிவு பக்கத்திலேயே கிடக்க, நிரலோ இல்லாத கட்டியங்காரனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மீட்கிற நிரலிடம் பழைய பெயரையும் புதிய பெயரையும் சொன்னால் அதுவே எல்லா இடத்திலும் மாற்றிக்கொடுக்கும். புதுக் கணினிக்கும் கட்டியங்காரன் என்றே பெயர் வைத்துவிடலாம். ஆனால் ஒரே வீட்டு இணைப்பில் இரண்டு கட்டியங்காரன் இருந்தால் குழப்பம்தான். கோப்புகள் எந்த அடைவில் இருக்கின்றன என்பதை அமைப்பில் ஒரே இடத்தில் சொன்னால் போதும். கோப்புகளின் உரிமை மித்டிவி என்ற பயனர் பேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்முன்னே இருந்தும் திறக்காது.

பத்து வருஷ வட்டை நம்ப முடியாததால் பதிவுகளையும் புது வட்டுக்கு மாற்றினேன். ஆர்சிங்க் என்ற நிரல் நல்லது. பாதியில் கரண்டு போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்காது. வயர் இணைப்பில் அனுப்புகிறவர்களுக்கு: 100 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேலாகும், கிகாபிட்டில் இரண்டரை மணி. பென்டிரைவில் எடுத்துப் போகலாம் என்று வந்த நண்பர் ஒருவருக்கு விடிய விடிய நடந்த கூத்து மட்டும் ஏறவில்லை. ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக இருக்க முடியாது. முடிந்ததும் இரண்டு பக்கக் கோப்புகளின் சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் பழைய வட்டை அழிக்கக் கூடாது. இன்னொன்று, மித்டிவி வட்டில் இடம் குறைந்தால் பழைய பதிவுகளைத் தானே அழித்து இடம் பண்ணிக்கொள்ளும். வேண்டியவற்றை அழிக்காதே என்று குறித்துவிட்டுத்தான் புதுக் கணினியை ஓடவிட வேண்டும்.

பழைய ட்யூனர் அட்டைக்குப் புது மதர்போர்டில் துளையே இல்லை. ஆகவே இனி இது பதிவு செய்யாது, இருப்பதை வைத்திருக்கும். அப்போது தம்பி, 'சேனல் பேரையும் சரி பண்ணிரவா சார்?' என்றார். 2024 ஜனவரியில் பொதிகை, டிடி தமிழ் ஆகிவிட்டதல்லவா. யோசித்துப் பார்த்தேன். பதிவின் அட்டவணையில் அலைவரிசையின் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர் இன்னொரு அட்டவணையில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. அந்த ஒரு வரியை மாற்றினால் 2017 பொங்கலன்று ஒளிபரப்பான கூத்தும் டிடி தமிழில் வந்ததாகிவிடும். வரலாற்றைத் திருத்த அரசாங்கம்தான் வேண்டுமென்பதில்லை, வேலை சுத்தமாக இருக்க வேண்டுமென்று நினைக்கிற ஒரு நல்ல பையன் போதும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் வைத்திருப்பவர்கள் 'எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை' என்பார்கள். அவை கோப்புக்கு நாம் வைத்த பெயரைப் பார்த்தே அடையாளம் காண்பவைதான். ஆனால் உள்ளே உட்கார்ந்து நாம் திருத்தியதும் சேர்த்ததும் அங்கேயும் பெரும்பாலும் தரவுத்தளத்தில்தான் போய்ச் சேருகின்றன.

இப்போது தரவுத்தளத்திலிருந்து முழுப் பட்டியலையும் வெற்று எழுத்துக் கோப்பாக எடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நிகழ்ச்சி, ஊர், ஆடியவர், வாசித்தவர் பெயர்களோடு அச்சிட்டிருக்கிறேன். அறுபத்திரண்டு பக்கம் வந்தது. இரண்டு பிரதிகளை இரண்டு ஊரில் இரண்டு தோழர்களிடம் கொடுத்தாயிற்று. முப்பத்தொரு பதிவுகளுக்கு எதிரே வாசித்தவர் பெயர் இன்னும் காலியாக இருக்கிறது. பங்குனியில் பாரதக் கூத்து நடக்கும்போது மடிக்கணினியில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யாறு பக்கம் போகிறேன்.