பழைய நிழற்படங்களின் காலமும் உரிமையும்

நூல் இயற்றிய காலம் வேறு. அதனை ஏட்டில் படியெடுத்த காலம் வேறு. நிழற்படத்திற்கும் இஃது ஒக்கும். தாளும் பூச்சும் அச்சிட்ட காலத்தையே உணர்த்தும். முட்டை வெண்கரு பூசிய தாள் 1850-இல் தோன்றி, அந்நூற்றாண்டின் இறுதிவரை பெருவழக்காயிருந்தது. படம் எடுத்த காலத்தைக் காட்டுவன அதனுள் காணும் கட்டடம், உடை முதலியன.

பதிப்புரிமையை அறுதியிடுங்கால் இவ்வேறுபாடு இன்றியமையாதது. 1914-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் மூல எதிர்மறை உருவான நாள்முதல் 50 ஆண்டு உரிமை வழங்கியது. 1958-இல் நடைமுறைக்கு வந்த புதுச்சட்டம், முன்னரே முடிந்த உரிமையை மீட்கவில்லை. எனவே, 1907-க்குள் இந்தியாவில் எடுத்தமை நிறுவப்படின், அப்படம் ஈண்டு எவரும் எடுத்தாளற்குரியது. 1858-இல் வெளிவந்த லின்னேயஸ் டிரைப்பின் மதுரைப் படங்கள் இத்தகையன. தாளை மட்டும் நோக்குவோர், 1890-இல் எடுத்து 1930-இல் அச்சிட்ட படத்தை உரிமையுடையதென மயங்கி விலக்கக்கூடும்.

புதுச்சட்டம் வெளியிட்ட ஆண்டைக் கணக்கின் தொடக்கமாகக் கொண்டது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விதியை நீக்கியபின், எடுத்தவர் மறைவிற்குப் பிந்திய 60 ஆண்டு என்பதே பொதுவிதி. ஆதலின் எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, வெளியிட்ட ஆண்டு, எடுத்தவர் மறைந்த ஆண்டு ஆகிய நான்கையும் தனித்தனியே குறித்தல் ஆய்வாளர் கடன்.