30 மீட்டர் யாருக்கு வேண்டும்?

சிங்கப்பூரில் கிராஞ்சிப் பக்கம், சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு அடிக்கடி போய்வரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தண்ணீர் புகாத கையடக்கக் கேமரா, பழையது ஒன்று வாங்க ஆசை. நிக்கான் டபிள்யூ300 30 மீட்டர் ஆழம் தாங்குமாம். ஒலிம்பஸ் டிஜி-5 15 மீட்டர்தானாம். எதை எடுக்கட்டும்?”

இரண்டும் 2017-ல் வந்தவை. ஆழக் கணக்கில் நிக்கானுக்கே வெற்றி. ஆனால் சுங்கை பூலோவில் 30 மீட்டர் முங்க இடம் ஏது? தண்ணீர் வற்றினால் சேறு, ஏறினால் முதலை. உங்கள் கேமரா சந்திக்கப்போவது திடீர் மழையும் வியர்வைக் கையும் சேற்றுத் தெறிப்பும்தான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ரப்பர் விளிம்பு ஒன்று தெரியும். மொத்த வீரமும் அதில்தான் இருக்கிறது.

ரப்பரை நசுக்கலாம், அதன் கனஅளவைக் குறைக்க முடியாது. ஓரிடத்தில் அமுக்கினால் இன்னோரிடத்தில் பிதுங்கும். மூடியைச் சாத்தும்போது அது பிதுங்கி இடுக்கை நிரப்புகிறது. கேமரா தண்ணீருக்குள் போனதும் நீரழுத்தம் மூடியை ரப்பர்மேல் இன்னும் அழுத்துகிறது. ஆழம் கூடக்கூட, ஓர் எல்லைவரை, அடைப்பும் இறுகுகிறது. உள்ளே வரத் துடிக்கும் தண்ணீரே கதவைச் சாத்திக்கொடுக்கும் இந்த விந்தையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பிரஷர் குக்கரில் இதைத் தினமும் பார்க்கிறோம். அடுப்பில் வைத்த புதிதில் மூடியோரம் ஆவி கசியும். அழுத்தம் ஏறியதும் கேஸ்கெட் பிடித்துக்கொள்ளும், கசிவு நின்றுவிடும். அங்கே அழுத்தம் உள்ளிருந்து வருகிறது, இங்கே வெளியிலிருந்து. அழுத்தம் குறைந்தால் பிடியும் குறைவு, எனவே பழைய கேமரா ஆழத்தில் தப்பித்து, குழாயடியில் கோட்டைவிடவும் கூடும். குக்கருக்காவது விசில் உண்டு, பாதுகாப்பு வால்வு உண்டு. கேமராவில் வேகவே கூடாத பருப்பாக சென்சார் உட்கார்ந்திருக்கிறது. தளர்ந்த கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்து ஒரு வாரம் ஓட்டும் சமையலறை வித்தையும் பலிக்காது. ஃப்ரீசரில் கேமராவையே வைக்க வேண்டியிருக்கும்!

குளிரில் ரப்பர் என்னவாகும் என்று உலகுக்கே காட்டியவர் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் சிதறியபின், விசாரணைக் குழுவின் முன், அதன் ராக்கெட் இணைப்பை அடைக்கும் ரப்பரில் ஒரு துண்டைக் கவ்வியில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டார். கவ்வியைத் தளர்த்தியும் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. கிராஞ்சியில் பனி பெய்யாது, ஆனால் ஆண்டுக்கணக்கில் நசுங்கிக் கிடந்தாலும் ரப்பர் மீள மறந்துவிடும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். அதனால்தான் இரு நிறுவனங்களின் கையேடுகளும் ஆண்டுக்கு ஒருமுறை வளையத்தை மாற்றச் சொல்கின்றன. விளம்பரத்தில் இந்த வரியை நான் பார்த்ததில்லை.

வரலாறு கேட்பவர்களுக்கு: கடலாய்வாளர் கூஸ்டோவுக்காக உருவான கலிப்ஸோ நீரடிக் கேமராவை நிக்கான் 1963-ல் நிக்கோனாஸ் ஆக்கியது. 2006-ல் ஒலிம்பஸ் 720எஸ்டபிள்யூ, 3 மீட்டர் தண்ணீரையும் 1.5 மீட்டரிலிருந்து விழுவதையும் தாங்கும் என்று வந்தது. பிறகு பெரும்பாலும் எண்கள்தான் வளர்ந்தன.

எண்ணைக் குறைத்த அதிசயமும் உண்டு. 16 மெகாபிக்சலாக இருந்த டிஜி-4-க்குப் பின் வந்த டிஜி-5-ல் 12தான். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். அதன் லென்ஸ் எஃப்/2 வரை திறக்கும், டபிள்யூ300 எஃப்/2.8. ஏறக்குறைய இரு மடங்கு ஒளி. சதுப்புக்காட்டு நிழலில் துள்ளும் சேற்றுமீனைப் பிடிக்க 30 மீட்டரைவிட இதுதான் உதவும். ஆகவே என் ஓட்டு டிஜி-5-க்கு. ஆனால் அதை மழை தாங்கும் கேமராவாக மட்டுமே நினைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் விழுந்தால், மூடியைத் திறக்கும்முன் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரப்பரில் ஒட்டிய ஒரு மணல் துகளே தண்ணீருக்கு வழிவிடப் போதும்.

வாங்கும்போது பேட்டரி முனைகளில் பச்சையோ வெள்ளைப் பூச்சோ தெரிந்தால், உப்புநீர் ஏற்கெனவே உள்ளே போய்வந்திருக்கக்கூடும் என்று அர்த்தம். விற்பவர், “தண்ணில போட்டதே இல்லண்ணே, பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு” என்று சத்தியம் செய்தால் நம்பலாம், விலை மட்டும் ஏற வேண்டாம். பெட்டிக்குள் இருந்த இத்தனை வருடமும் மூடி சாத்தியேதான் இருந்தது. அந்த ரப்பரும் நசுங்கியேதான் இருந்தது.