துபாயில் ஃப்ளாட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

வாடகை கொடுத்து மாளவில்லை, அந்தப் பணத்தை மாதத் தவணையாகக் கட்டினால் வீடு நமக்கே சொந்தமாகிவிடும் என்ற பேச்சு துபாயில் வாழும் நம் சமுதாயக் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. 2006ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டத்தின்படி, குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவரும் முழு உரிமையுடன் வீடு வாங்கலாம். சொத்து வரி இல்லை, வாடகை வருமானத்துக்கு அங்கே வருமான வரியும் இல்லை. விற்பவர்கள் இவற்றை மறக்காமல் சொல்வார்கள். வாங்கிய பிறகு ஆண்டுதோறும் கட்ட வேண்டியதைப் பெரும்பாலும் நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

பத்திரப் பதிவின்போது நிலத்துறைக்கு 4 சதவீதம், தரகருக்கு வழக்கமாக 2 சதவீதம் போகும். இவை ஒருமுறை கட்டினால் முடிந்தது. முடியாமல் தொடர்வது சர்வீஸ் சார்ஜ். லிஃப்ட், காவல், துப்புரவு, நீச்சல் குளம், கட்டடக் காப்பீடு, பெரிய பழுதுகளுக்கான சேமநிதி எல்லாம் இதில் அடங்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். பல கட்டடங்களில் இது 10 திர்ஹத்துக்கு மேல்தான். வசதிகள் கூடக் கூட 20, 30 என்று ஏறும். நாம் நீச்சல் குளத்தில் கால் நனைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 சதுர அடி ஃப்ளாட், விலை 10 லட்சம் திர்ஹம், ஆண்டு வாடகை 70,000 என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத வருமானம் என்று விளம்பரம் சொல்லும். சதுர அடிக்கு 16 திர்ஹம் என்றால் சர்வீஸ் சார்ஜ் மட்டும் 12,800. நாம் ஊரில் இருந்தால் வாடகையை வசூலித்துப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் வேண்டும். அதற்கு 5 சதவீதம் என்றால் 3,500. ஏசி, குழாய், பெயிண்ட் வேலைகளுக்கு 3,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 5,800. மொத்தம் 25,100 போக, கையில் நிற்பது 44,900. அதாவது நாலரை சதவீதம். இதில் வங்கித் தவணையை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

வீடு பூட்டிக் கிடந்தால் செலவு இருக்காது என்று நினைப்பவர்கள் சில்லர் பில்லைப் பார்க்க வேண்டும். மாவட்டக் குளிரூட்டல் உள்ள கட்டடங்களில் பில் இரண்டு பகுதியாக வரும். ஒன்று, பயன்படுத்திய அளவுக்கு. மற்றது, நம் வீட்டுக்கென ஒதுக்கிய குளிரூட்டும் திறனுக்கான நிலையான கட்டணம். ஏசியைத் தொடாவிட்டாலும் இரண்டாவது வந்துகொண்டே இருக்கும். வாங்குமுன் "இந்தக் கட்டடத்தில் சில்லர் யாருடையது, நிலையான கட்டணம் எவ்வளவு?" என்று கேட்டு, பழைய பில் ஒன்றையும் வாங்கிப் பாருங்கள்.

வட்டியைத் தவிர்க்க இஜாரா முறையில் வாங்கும் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. இஜாராவில் வீடு வங்கியின் உடைமை, நாம் குத்தகைதாரர். அதனால் பெரிய பராமரிப்பும் காப்பீடும் உடைமையாளரான வங்கியைச் சேர வேண்டியவை. ஆனால் பல ஒப்பந்தங்களில் நம்மையே வங்கியின் முகவராக நியமித்து, அந்த வேலைகளை நம் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். தவணையும் எப்போதும் ஒரே அளவாக இருக்காது. ஈபோர் விகிதத்தோடு இணைந்த ஒப்பந்தங்களில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் தவணை கூடியது. கையெழுத்திடும் முன் இந்த இரண்டு விதிகளையும் படித்துக் காட்டச் சொல்வது நம் உரிமை.

சம்பளம் வரும்வரை இவை பாரமாகத் தெரியாது. வேலை போய், குடும்பத்தோடு ஊர் திரும்பிய சபுராளிக்குத்தான் இவை கனக்கும். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ரூபாய் சரியும்போதெல்லாம் ஊரிலிருந்து அனுப்பும் அதே 12,800 திர்ஹம் ரூபாயில் கூடிவிடும். கட்டாமல் விடவும் முடியாது. 2019ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டப்படி நோட்டீஸ் வந்து 30 நாளில் தீர்க்காவிட்டால் வாடகைத் தகராறு மையத்தின் வழியாக வசூலிப்பார்கள். வீட்டை ஏலம் விடும் அளவுக்கும் அது போகலாம். விற்றுவிடலாம் என்றாலும், பாக்கி தீர்ந்தால்தான் தடையின்மைச் சான்று கிடைக்கும்.

ஊர் திரும்பி வரிச் சட்டப்படி இந்தியாவில் முழுமையான வசிப்பாளராக ஆனபின் துபாய் வாடகைக்கு இங்கே வரி உண்டு. முழுமையான வசிப்பாளர் நிலை வந்தபின் அந்த வீட்டை வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய வீட்டைத் திரும்பிய பிறகும் வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. எனவே பயந்து மறைக்கக் காரணமே இல்லை. ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

ஜகாத்தையும் பலர் கேட்கிறார்கள். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் விலைக்கும் இல்லை. செலவு போக மிஞ்சிய வாடகை நிஸாபை எட்டி ஓராண்டு இருந்தால் இரண்டரை சதவீதம். விற்று லாபம் பார்க்கவே வாங்கிய வீடு வணிகப் பொருளாகிவிடும். உங்கள் விவரத்தைச் சொல்லி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்குவது என்று முடிவானால், நிலத்துறை இணையதளத்தில் அந்தக் கட்டடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். முந்தைய ஆண்டுகளின் தொகையையும் கேளுங்கள். ஓராண்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வாங்குபவர்களைக் கண்டிருக்கிறோம்; வேலை மாறியபோது அவர்கள் பதறவில்லை.

இன்னொன்று, வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இதெல்லாம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். உரிமையாளர் வஃபாத்தாகிவிட்டால் துபாய் நீதிமன்றம் வாரிசுகளைத் தீர்மானிக்கும்வரை விற்க முடியாது. ஊரிலிருந்து சான்றிதழ்கள், சான்றொப்பம், அரபு மொழிபெயர்ப்பு என்று மாதங்கள் ஓடும். சர்வீஸ் சார்ஜ் அப்போதும் ஏறிக்கொண்டிருக்கும். பில்கள் வருவதோ அவருடைய அமீரக மொபைல் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும். ஊர் திரும்பியதும் அந்த சிம் செயலிழந்துவிடும். எனவே நிர்வாக அலுவலகத்தில் இந்திய எண்ணையும், மனைவி அல்லது மூத்த பிள்ளையின் மின்னஞ்சலையும் இன்றே பதிந்து வையுங்கள். பத்திரத்தின் நகல் ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.