தேர்ஃபோர் (ஆங்கிலச் சொல்)

தேர்ஃபோர் என்பது, முன்னர்க் கூறப்பட்ட காரணத்திலிருந்து ஒரு முடிவு பெறப்படுவதைக் காட்டும் ஆங்கில வினையுரிச்சொல் ஆகும். தமிழில் ஆகவே, எனவே, ஆகையால், ஆதலால் ஆகிய சொற்கள் இதற்கு ஈடாக வழங்குகின்றன. கணித நிறுவல்கள், அறிவியல் கட்டுரைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்ற எழுத்து வழக்கில் இச்சொல் மிகுதியாக வரும். பேச்சு வழக்கில் இதனிடத்தில் பெரும்பாலும் 'சோ' என்ற சொல்லே வருகிறது.

சொற்பிறப்பு

'தேர்', 'ஃபோர்' என்னும் இரு பழைய சொற்கள் இணைந்து உருவானது இது. நேர்ப்பொருள் 'அதன் பொருட்டு' என்பதாகும். சட்ட ஆவணங்களில், இறுதியில் 'ஈ' எழுத்து இல்லாமல் இதே போன்ற மற்றொரு சொல் வருவதுண்டு. அதன் பொருள் 'அதற்காக' அல்லது 'அதற்குரிய' என்பது மட்டுமே. அது முடிவைக் குறிக்காது. முடிவைக் குறிக்கும் சொல்லில் முதல் அசையும், சட்டச் சொல்லில் இரண்டாம் அசையும் அழுத்தம் பெறும்.

இலக்கணம்

தேர்ஃபோர் இணைப்புச்சொல் அன்று, வினையுரிச்சொல். ஆகவே இரு முழு வாக்கியங்களுக்கு நடுவே காற்புள்ளி மட்டும் இட்டு இதனை எழுதுவது பிழையாகக் கருதப்படுகிறது. இதற்கு முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இட வேண்டும்; அல்லது 'அண்ட்' என்ற இணைப்புச்சொல்லைச் சேர்க்க வேண்டும்.

'பிகாஸ்' அல்லது 'சின்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தில் மீண்டும் தேர்ஃபோர் தேவையில்லை. தமிழிலும் 'மழை பெய்ததால் ஆட்டம் நின்றது' என்றோ, 'மழை பெய்தது. ஆகவே ஆட்டம் நின்றது' என்றோதான் எழுதுகிறோம். காரணத்தை ஒருமுறை காட்டினால் போதும்.

ஒத்த பொருளுடைய சொற்களில் 'தஸ்' என்பதற்கு 'இவ்வாறு' என்ற பொருளும், 'ஹென்ஸ்' என்பதற்கு 'இன்றிலிருந்து' என்ற காலப்பொருளும் உண்டு. தேர்ஃபோருக்கு இவை இல்லை.

குறியீடு

கணிதத்தில் ∴ என்னும் முப்புள்ளிக் குறி 'ஆகவே' என்பதைக் குறிக்கும். சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் யோகான் ரான் 1659ஆம் ஆண்டு வெளியிட்ட இயற்கணித நூலில் இக்குறி காணப்படுகிறது. தலைகீழாக எழுதினால் 'ஏனெனில்' என்று பொருள்படும்.

தர்க்கத்தில் இடம்

'மனிதர் அனைவரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர்' என்பது பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டு. இதில் முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டவர் மூன்றாவதை மறுக்க இயலாது. இந்திய அளவையியலில் இம்முடிவுக் கூற்று நிகமனம் எனப்படும். மணிமேகலைக் காப்பியம் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளையும் கூறுகிறது.

'எல்லாப் பறவைகளும் பறக்கும். தீக்கோழி ஒரு பறவை. ஆகவே தீக்கோழி பறக்கும்' என்பதிலும் 'ஆகவே' முறையாகவே வந்துள்ளது. எனினும் முதற்கூற்று தவறு என்பதால் முடிவும் தவறாயிற்று. இச்சொல் காரணத்திற்கும் முடிவிற்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டும். காரணம் உண்மையா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

பிழையான பயன்பாடு

ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததைக் கொண்டே முன்னது பின்னதற்குக் காரணம் என்று முடிவு செய்வது பொதுவான தவறு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தமிழில் சொல்வது இதையே. 'கஷாயம் குடித்தேன், சளி நீங்கியது, ஆகவே கஷாயம்தான் குணப்படுத்தியது' என்பதும் இவ்வகையே. சாதாரணச் சளி மருந்தில்லாமலும் சில நாட்களில் நீங்கிவிடும். இங்கு 'பிறகு' என்று சொல்லலாம். 'ஆகவே' என்று சொல்லப் போதிய சான்று இல்லை.

இவ்வேறுபாடு உயிரைக் காத்ததும் உண்டு. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற பிரிவில், மருத்துவச்சிகள் பயின்ற பிரிவைவிட அதிகமான தாய்மார் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவர் இக்னாஸ் செமல்வைஸ் ஒவ்வொரு காரணமாக ஆராய்ந்தார். பிரசவத்தின்போது படுக்கும் நிலையை மாற்றினார், பாதிரியார் மணியொலியுடன் வார்டு வழியே செல்வதை நிறுத்தினார், இறப்பு குறையவில்லை. பிணப் பரிசோதனை செய்த கைகளுடனேயே மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததைக் கவனித்து, 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலால் கைகழுவச் செய்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. மற்ற காரணங்களை விலக்கிய பிறகே அவருடைய 'ஆகவே' வலிமை பெற்றது.

கட்டுரையிலோ தேர்விலோ இச்சொல்லை எழுதும்போது இரு வினாக்களை எழுப்பிப் பார்க்கலாம். கூறிய காரணம் உண்மைதானா? அது உண்மையாக இருந்தும் முடிவு வேறாக இருக்கக்கூடுமா? முதல் வினாவிற்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் விடை வந்தால் தேர்ஃபோர் உரிய இடத்தில் வந்துள்ளது. இரண்டாவதற்கும் 'ஆம்' என்று வந்தால், 'இருக்கலாம்' என்ற அளவில் முடிவைக் கூறுவதே பொருத்தம்.