பாலியல் குற்றவாளி திருந்தினானா? கண்ணீரை பார்ப்பதில்லை, 10 கேள்விக்கு மார்க் போடுகிறார்கள்

பாலியல் பலாத்கார வழக்கில் ஜெயிலுக்கு போனவன், தண்டனை முடிந்து ஒருநாள் வெளியே வருகிறான். "நான் திருந்திட்டேன்" என்று அழுகிறான். நம்பலாமா? மறுபடியும் அதே தப்பை செய்வானா?

இதை கணக்கு போட கனடா, அமெரிக்காவில் ஒரு மார்க் முறை இருக்கிறது. பெயர் 'ஸ்டேட்டிக்-99'. கனடாவை சேர்ந்த கார்ல் ஹான்சன், இங்கிலாந்தை சேர்ந்த டேவிட் தார்ன்டன் ஆகிய 2 நிபுணர்கள் 1999-ம் ஆண்டு உருவாக்கினார்கள். இப்போது அதன் திருத்திய வடிவம் நடைமுறையில் உள்ளது. வயது வந்த ஆண் குற்றவாளிகளுக்கு மட்டும்தான் இது.

என்ன கேட்கிறார்கள்?

மொத்தம் 10 கேள்வி. பழைய வழக்கு கட்டை வைத்தே பெரும்பாலும் பதில் எடுத்து விடுகிறார்கள். இதற்கு முன்பு பாலியல் வழக்கு உண்டா? அடிதடி வழக்கு உண்டா? பாதிக்கப்பட்டவர் முன்பின் தெரியாதவரா? ஆணா? விடுதலையாகும்போது வயது என்ன? இப்படி போகிறது.

பழைய பாலியல் வழக்குக்குத்தான் அதிக மார்க். 3 வரை ஏறும். வயது 60-ஐ தாண்டினால் 3 மார்க் குறையும். கூட்டினால் மைனஸ் 3-ல் இருந்து 12 வரை வரும். மார்க் ஏற ஏற ஆபத்தும் அதிகம்.

கண்ணீருக்கு மார்க் இல்லை

61 ஆய்வுகளை சேர்த்து 1998-ல் ஹான்சன் குழு கணக்கு பார்த்தது. வெளியே வந்த 4, 5 வருடத்தில் 100-க்கு சுமார் 13 பேர் மீண்டும் பாலியல் குற்றத்தில் சிக்கினார்கள். தப்பை ஒப்புக்கொண்டவனா, மறுத்தவனா என்பதை வைத்து இதை கணிக்க முடியவில்லை. அதனால்தான் அழுகைக்கு மார்க் கிடையாது.

ஆனால் இந்த 13 என்பது சிக்கியவர்கள் கணக்குதான். புகாருக்கே வராத குற்றம் இதில் சேராது. அதோடு, மார்க் ஒரு கூட்டத்தின் கணக்கை சொல்லுமே தவிர, இந்த ஒரு ஆள் நாளைக்கு என்ன செய்வான் என்று சொல்லாது. குடி, வேலை, சகவாசம் போன்ற மாறக்கூடிய விஷயங்களை தனியாக கவனிக்கிறார்கள். பல வருடம் தப்பு செய்யாமல் இருந்தால் ஆபத்தும் குறைகிறது.

நம் நாட்டில்...

பாலியல் குற்றவாளிகள் பட்டியலை மத்திய அரசு 2018 செப்டம்பரில் தொடங்கியது. அப்போதே 4 லட்சத்து 40 ஆயிரம் பதிவுகள் இருந்தன. பெயர், முகவரி, போட்டோ, கைரேகை எல்லாம் அதில் உண்டு. போலீஸ் போன்ற விசாரணை அமைப்புகள்தான் பார்க்க முடியும். பொதுமக்கள் பார்க்க முடியாது.

ஒன்றை மறக்கக்கூடாது. மார்க்கும் பட்டியலும் ஏற்கனவே பிடிபட்டவனுக்குத்தான். நம் நாட்டில் பதிவாகும் பலாத்கார வழக்குகளில் 10-ல் 9-க்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள்தான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூட பழகியவர். அவரில் பலர் எந்த பட்டியலிலும் இருக்க மாட்டார்.

அதனால் "அந்த மாமா வீட்டுக்கு போக மாட்டேன்" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். உட்கார வைத்து ஏன் என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் 1098-க்கு போன் போடுங்கள். போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்கு சொல்லாமல் மறைப்பதும் குற்றம்தான்.