பட்டத்திற்கு அப்பால்

வஹகோட்டை என்றதும் புனித அந்தோனியார் திருத்தலமும், ஜூன் மாதத் திருவிழாவுக்குத் திரளும் யாத்திரிகருமே நம் நினைவில் எழுவர். மாத்தளை மாவட்டத்து அக்கிராமத்தில் ஒரு பிள்ளை விஞ்ஞானமாணிப் பட்டத்துடன் வீடு திரும்பினால், "உத்தியோகம் எப்போது?" என்றே பெற்றோர் முதலிற் கேட்பர். வயிற்றுப்பாட்டை எண்ணிக் கேட்கும் கேள்வி. அதனைக் குறைகூற நமக்கு மனமில்லை. எனினும், விஞ்ஞானத் துறையில் ஆராய்ச்சிப் படிப்பும் பலவிடங்களில் ஊதியத்தோடு கூடிய பணியே என்பதைப் பல குடும்பங்கள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

இதற்காகக் கடல் கடக்க வேண்டுமென்பதும் இல்லை. அயல் மாவட்டமாகிய கண்டியிலே, பேராதனைப் பல்கலைக் கழகத்தில், விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1996 முதல் இயங்குகிறது. ஹந்தானை மலைச்சாரலில், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் உள்ளது. அங்கு ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்வோர் மாதப்படி பெற்றுக்கொண்டே, பல்கலைக் கழகத்திற் பதிவு செய்து, முதுதத்துவமாணி அல்லது கலாநிதிப் பட்டத்துக்கு உழைக்கலாம்.

ஹந்தானை நிறுவகத்துக்கு 1980களில் பணிப்பாளராயிருந்த சிறில் பொன்னம்பெருமவின் வரலாறு மாணாக்கர் அறிய வேண்டியது. 1923இல் காலியிற் பிறந்த அவர், 1948இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் தத்துவம் பயின்று பட்டம் பெற்றார். இரசாயனவியற் பட்டம் அவருக்கு லண்டனிற் கிடைத்தது 1959இலேதான். வயது முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது! நம்மூரில் அந்த வயதினனை "இனி என்ன படிப்பு?" என்று கேட்டிருப்பார்கள். அவரோ அமெரிக்கா சென்று, நோபெல் பரிசு பெற்ற மெல்வின் கல்வினிடம் பயின்று, 1962இல் கலாநிதியானார். உடனே நாசாவின் ஏம்ஸ் நிலையத்தில் கலாநிதிப் பட்டப்பின் ஆய்வாளராகப் புகுந்தார். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில், பூமியிற் பிறவாத அமினோ அமிலங்கள் உண்டென்று மறு ஆண்டே உலகுக்கு அறிவித்த குழுவில் அவரும் ஒருவர்.

கலாநிதிப் பட்டப்பின் ஆய்வு என்பது இன்னொரு பட்டமன்று. வேறோர் ஆய்வுகூடத்தில், குறித்த சில காலம், சம்பளத்துடன் தனித்து ஆராயப் பழகும் பருவம். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை இத்தகையோருக்கு உதவுகிறது. கலாநிதிப் படிப்புக்கோ, ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் கல்விக் கட்டணத்தையும் மாதப்படியையும் பயணச் செலவையும் ஏற்கிறது. ஜெர்மனியில் ஆய்வு மாணாக்கர் பலர் ஒப்பந்த ஊழியராகவே சம்பளம் பெறுகின்றனர்.

பல்கலைக் கழகத்தின் பெயரைக் காட்டிலும் மேற்பார்வையாளரின் தெரிவே முக்கியம் என்பது நமது கருத்து. மூன்று நான்கு ஆண்டுகள் ஒருவரின் கீழ் உழைக்க வேண்டுமே! அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் இரண்டையேனும் வாசித்த பின்னரே அவருக்கு எழுதுக. அதிற் கண்ட எந்த வினா உம்மை ஈர்த்தது, ஆய்வுகூடத்தில் உமக்கு என்ன செய்யத் தெரியும் என்பன ஒரு பக்கத்துள் அடங்கட்டும். புகழுரை வேண்டாம், நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பவும் வேண்டாம். இடமுண்டு என்று பதில் வந்தால், மாதப்படி எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, மானியம் இடையில் தீர்ந்தால் என்ன ஏற்பாடு என்பவற்றைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்க. அந்தக் கடிதத்தைப் பெற்றோரிடமும் வாசித்துக் காட்டலாம்.